மத்தியான மாத்திரை

என் அக்காவின் கணவருக்கு அவர் வேலை செய்யும் இடத்தில் ‘ஒண்ணுமாகலை’ என்று பெயர். லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுபோய், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டும்போது, இவர் வெளியே நின்று முதலில் சொல்லும் வார்த்தை அதுதான். ஒண்ணும் ஆகலை, அப்படியே நில்லுங்க என்பார். அதற்கப்புறம்தான் பையைத் திறப்பார். மச்சினி நான், அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். கோபம் வந்தால் எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

அக்காவை அவர் கண்டுபிடித்ததும் ஒரு லிஃப்டுக்குள்தான். அவள் ஒரு பெரிய விடுதியில் சலவைப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுக்குத் துணி வண்டியோடு சாமான் லிஃப்டில் மாட்டிக்கொண்டாள். இவர் வெளியிலிருந்து தன் வழக்கமான மந்திரத்தைச் சொல்ல, உள்ளேயிருந்து இவள், “உங்களுக்கு ஆகலை, எனக்குத்தானே ஆகியிருக்கு” என்றாளாம். கதவு திறந்தபோது அத்தானின் முகத்தில் இருந்த அசட்டுச் சிரிப்பு இன்னும் போகவில்லை என்று அக்கா சொல்வாள். எதையும் சத்தம் போட்டுக் கேட்கத் தெரியாத மனிதர். பேருந்தில் காலை மிதித்தவனிடம் இவர்தான் மன்னிப்புக் கேட்பார். வாய் இருக்கிற பிள்ளைதான் பிழைக்கும் என்பார்கள். இவர் அக்காவின் வாயை வைத்துக்கொண்டு பிழைத்தார்.

ஊரில் உள்ள லிஃப்டை எல்லாம் ஓட வைக்கிறவர் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடி. காற்று வரும், வாடகை குறைவு என்பார். இதைச் சொல்லி நான் கேலி செய்யாத நாள் கிடையாது. அக்கா சலவை அறையின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து, முதுகெலும்பில் அறுவை செய்து, அந்த நாலு மாடியையும் இறங்க முடியாமல் படுத்த பிறகு கேலியை நிறுத்திவிட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சாதாரண மாத்திரை இல்லை, அபின் வகையைச் சேர்ந்தது. கடையில் அதற்கென்று தனி அலமாரி, தனிப் பூட்டு. முதல் சில மாதம் அக்காவைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினோம். பிறகு டாக்டர் இனிமேல் மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும் என்றார். ஒவ்வொரு தடவையும் நோயாளியை நேரில் பார்த்துத்தான் எழுதுவேன் என்றும் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது, சட்டம் அப்படி. ஆனால் படியில் ஒவ்வொரு தடவை இறக்கும்போதும் அக்கா போட்ட சத்தம் அவர் காதில் விழவில்லை, எங்கள் காதில்தான் விழுந்தது.

அடுத்த மாதம் அத்தான் தனியாகப் போனார். டாக்டர் மறுத்தார். வேறு யாராவது இருந்தால் கெஞ்சியிருப்பார்கள், சண்டை போட்டிருப்பார்கள், வீட்டுக்கே வந்து பாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்திருப்பார்கள். இவர் சரிங்க என்று எழுந்து வந்துவிட்டார். வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன கிளினிக்கில் நுழைந்து, தனக்கு முதுகுவலி என்று சொன்னார். லிஃப்ட் குழிக்குள் குனிந்தே காலம் தள்ளுகிறவர் முதுகுவலி என்றால் யார்தான் நம்ப மாட்டார்கள்? எழுதிக் கொடுத்தார்கள். அது அக்காவுக்குப் போதவில்லை. ராத்திரி எல்லாம் வலிக்கிறது என்று அழுதாள். அத்தான் இன்னொரு கிளினிக்குக்கும் போய் அதே முதுகைக் காட்டினார்.

இதில் கூத்து என்னவென்றால், இரண்டு இடத்திலும் தன் சொந்தப் பெயரையும் விலாசத்தையும் கொடுத்திருக்கிறார். இரண்டு சீட்டையும் ஒரே மருந்துக்கடையில் கொண்டுபோய் நீட்டியிருக்கிறார். தலையாரி வீட்டிலேயே போய் ஒளிந்த கதைதான். பொய் சொல்வதற்கும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். அது இவருக்கு இல்லை.

மாத்திரையை அவர் வைத்திருந்த விதத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எல்லாம் அதில்தான் போய் முடிந்தது. ஒரு நாள் அக்கா மூன்று வேளை மாத்திரையையும் ஒன்றாக விழுங்கிவிட்டு, சாயங்காலம் எழுப்ப எழுப்ப எழாமல் கிடந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து, உட்கார வைத்து, கன்னத்தில் தட்டியதும் ஒருவழியாகக் கண்ணைத் திறந்தாள். மறுநாளிலிருந்து அத்தான் வீட்டில் ஒரு மாத்திரைகூட வைக்கவில்லை. நட்டும் வாஷரும் போட்டு வைக்கிற, அறை அறையாகப் பிரித்த பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் காலி செய்தார். மாத்திரைகளைப் பட்டையிலிருந்து உரித்து, வேளைக்கு ஓர் அறையாகப் போட்டுத் தன் வேலைப் பையில் வைத்துக்கொண்டார். காலையில் ஒன்று கொடுத்துவிட்டுப் போவார். மத்தியானம் எங்கே வேலை இருந்தாலும் விட்டுவிட்டு, நாலு மாடி ஏறி வந்து ஒன்று கொடுத்துவிட்டு, மறுபடி இறங்கிப் போவார். அக்காவிடம் ஏன் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஒரு விடுமுறை நாளில் அவர் குளிக்கப் போனபோது, அக்கா கட்டிலிலிருந்து பாதி சரிந்து அந்தப் பையை எட்டி இழுத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். என்னைக் கண்டதும் சீப்பைத் தேடுகிறேன் என்றாள். வேலைப் பைக்குள் எந்த மெக்கானிக் சீப்பு வைத்திருக்கிறான்?

மருந்துக்கடையில் ஒரு நாள் கம்ப்யூட்டரைப் பார்த்த பெண் அவரைக் கொஞ்சம் உட்காரச் சொன்னாள். உட்காரச் சொன்னால் உட்காருகிறவர். போலீஸ் வரும்வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பையைத் திறந்தார்கள். உரித்த மாத்திரை, அறை அறையாக. இரண்டு டாக்டர் சீட்டு. சிறுநீரை எடுத்துச் சோதித்தார்கள், அவர் உடம்பில் அந்த மருந்தின் சுவடே இல்லை. கம்பெனியில் விசாரித்தார்கள். தினமும் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் எங்கேயோ போய்விட்டு வருவார் என்று ஒரு புண்ணியவான் சொன்னான். போலீஸ்காரனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? தானே சாப்பிடவில்லை, சின்னச் சின்னதாகப் பிரித்து வைத்திருக்கிறான், தினமும் ஒரு நேரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறான். போதை மாத்திரை விற்கிறவன் என்று எழுதிவிட்டார்கள்.

குற்றப்பத்திரிகையில் இரண்டு குற்றம். பொய் சொல்லி மருந்து வாங்கியது ஒன்று. விற்பதற்காக வைத்திருந்தது இன்னொன்று. முதல் குற்றத்துக்கு அபராதத்தோடு விடலாம். இரண்டாவதற்குச் சிறை, லிஃப்ட் வேலைக்கான உரிமமும் நிரந்தரமாகப் போய்விடும். உரிமம் போனால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. சிறைக்குப் போனால் அக்காவைத் திருப்பிப் படுக்க வைக்கக்கூட ஆள் இல்லை.

ஜாமீனில் வந்தார். நான் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதால் வக்கீல்களை எனக்குத் தெரியும். வாய்ச்சவடால் யார், வாய்தா வாங்கியே காலத்தை ஓட்டுகிறவர் யார் என்றெல்லாம் கடையில் நின்றாலே தெரிந்துவிடும். அவர்களில் ஒரு வக்கீலம்மா, அவசரம் என்று ஒருபோதும் சொல்லாதவர். அவரிடம்தான் அத்தானைக் கூட்டிப் போனேன். கட்சிக்காரர் எதிரே உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைப்பார். முதல் நாளே, “வெளியில யார்கிட்ட வேணா பொய் சொல்லுங்க. என்கிட்ட சொன்னா அதுக்குத் தனி ஃபீஸ்” என்றார். அத்தான் சிரித்தார். வக்கீலம்மா சிரிக்கவில்லை.

அத்தான் முதலில் நீட்டிய யோசனை, நானே சாப்பிட்டேன் என்று சொல்லிவிடலாமா என்பது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவர்களுக்கு எங்கே போச்சு புத்தி? சோதனையில் ஒன்றும் இல்லை என்று எழுதியாகிவிட்டது. மனைவிக்காக வாங்கினேன் என்ற உண்மையைத்தான் சொல்ல வேண்டும், அதைச் சொன்னால் முதல் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும், பரவாயில்லை, இரண்டாவதை உடைத்துவிடலாம் என்றார் வக்கீலம்மா. ஆனால் எதிர்த்தரப்பு ஒரே ஒரு கேள்வி கேட்கும். படுத்திருக்கிற மனைவிக்கு வாங்கிய மாத்திரை, அவள் தலைமாட்டில் இல்லாமல் உன் வேலைப் பையில் எதற்கு?

“மறதிங்க” என்றார் அத்தான்.

வக்கீலம்மா அதே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டார். அத்தான் மறதி என்றார், வசதி என்றார், வீட்டில் பூச்சித் தொல்லை என்றார். நாலு மாடி தினமும் ஏறி இறங்குவது எந்த ஊர் வசதி என்று கேட்டதற்குத் தரையைப் பார்த்தார். முழுப்பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற திறமை இல்லாதவர் அந்த வேலையில் இறங்கவே கூடாது. வக்கீலம்மா கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, காரணம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதைக் கோர்ட்டில் சொல்லாவிட்டால் நான் நின்று பிரயோசனம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். அக்கா கையில் கொடுத்தால் எல்லாவற்றையும் விழுங்கிவிடுவாள் என்பதால்தான் வைத்திருந்தேன் என்று சொல்வதில் என்ன கௌரவக் குறைச்சல் என்று கேட்டேன். அத்தான் ரோட்டிலேயே நின்றுவிட்டார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

“உங்க அக்கா சலவைப் பிரிவுல எத்தனை பேரை மேய்ச்சவ தெரியுமா? அவளைப் போய், கையில மாத்திரை குடுத்தா தாங்காதவன்னு நாலு பேர் முன்னாடி சொல்லச் சொல்றியா? நான் மாத்திரை வித்தேன்னு வேணா ஊர் சொல்லிட்டுப் போகட்டும். நீயும் சொல்லக் கூடாது. சொன்னா, அப்புறம் வீட்டுப் பக்கம் வராதே.”

எனக்கு அழுகையும் வந்தது, அடிக்கலாம்போல ஆத்திரமும் வந்தது. இப்படி ஒரு மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஜெயிலுக்குப் போவாராம், பெண்டாட்டி பெயர் கெடக் கூடாதாம். இவர் ஜெயிலுக்குப் போன பிறகு அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள், யார் சோறு ஊட்டுவார்கள்? இதெல்லாம் அவர் கணக்கில் வரவே இல்லை.

நான் வக்கீலம்மாவிடம் சொல்லவில்லை. நேரே அக்காவிடம் போனேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அத்தான் மாட்டிக்கொண்ட பிறகு நான் ஆள் வைத்து அவளை இறக்கிக் கொண்டுபோய்க் காட்டி, ஆஸ்பத்திரியில் குறைத்து எழுதி வாங்கிய மாத்திரை மட்டும்தான் அப்போது அவளுக்கு இருந்தது. வேர்த்து வழிந்து, கை நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் அவளிடம் சண்டைக்கு நின்றேன் என்பது இப்போது நினைத்தாலும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் வேறு நேரம் இல்லை. வக்கீல் என்ன கேட்டார், இவர் என்ன சொன்னார், ரோட்டில் நின்று என்னிடம் என்ன கத்தினார், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

அக்கா சுவரிலிருந்து முகத்தை என் பக்கம் திருப்பினாள். பிறகு, “பையில ஏன் வெச்சாருன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?” என்றாள்.

“தெரிஞ்சா சொல்லித் தொலைச்சிருக்கலாமே.”

“அவர் தெரியாத மாதிரி இருந்தார். நானும் தெரியாத மாதிரி இருந்தேன். அப்படியே ஓடிட்டு இருந்துச்சு.” புறங்கையால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “என்னைக் கீழே இறக்க ஏற்பாடு பண்ணு. அவர்கிட்ட சொல்லாதே” என்றாள்.

விசாரணை நாள் காலையில் அத்தான் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லி வைத்திருந்த அவருடைய கம்பெனி ஆட்கள் நாலு பேர் கைவைத்த நாற்காலி ஒன்றோடு வந்து நின்றார்கள். லிஃப்ட் மோட்டாரைத் தூக்குகிற பட்டைகளும் கொண்டு வந்திருந்தார்கள். மத்தியானம் காணாமல் போவார் என்று போலீஸிடம் சொன்ன புண்ணியவானும் அவர்களில் ஒருவன். அவனை நான் முறைத்தேன், அவன் பட்டையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டான். அத்தான் கதவை மறித்துக்கொண்டு வேண்டாம் என்றார். யார் சொன்னது, யார் கூப்பிட்டது என்று என்னைப் பார்த்தார். அக்கா புடவையைச் சரிசெய்துகொண்டு, “நீங்க நகருங்க, இவங்களுக்கு வேலைக்கு நேரமாகுது” என்றாள். அவர் நகர்ந்தார். முப்பது வருஷமாக நகர்ந்தவர்தானே.

நாற்காலியில் வைத்துப் பட்டை போட்டுக் கட்டி, மோட்டாரை இறக்குகிற பக்குவத்தில் அவளை இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவன் மட்டும் பேசினான், மற்றவர்கள் அவன் சொன்னபடி காலை வைத்தார்கள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். சத்தமே போடவில்லை.

அக்கா சாட்சி சொல்ல வருகிறாள் என்று வக்கீலம்மாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவளால் அதிக நேரம் உட்கார முடியாது என்று அவர் கேட்டுக்கொண்டதால், எங்கள் தரப்பில் அவளைத்தான் முதலில் விசாரித்தார்கள். நீதிபதிக்குச் சளி பிடித்திருந்தது, மூக்கைத் துடைத்துக்கொண்டே எழுதினார். வக்கீலம்மா நேராகக் கேட்டார். மாத்திரை ஏன் வீட்டில் இல்லை? அக்கா, தான் ஒரு நாள் மூன்று வேளை மாத்திரையையும் ஒன்றாக விழுங்கியதைச் சொன்னாள். அவர் இல்லாதபோது பையைத் தேடியதைச் சொன்னாள். என்னிடம் சீப்பு என்று பொய் சொன்னதைக்கூடச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. சலவைக் கணக்கில் எத்தனை துணி குறைகிறது என்று மேலாளரிடம் சொல்கிற அதே குரல்.

“அவர் யாருக்கும் விக்கலைங்க. என்கிட்டேருந்து காப்பாத்தத்தான் பையில வெச்சுக்கிட்டார். மத்தியானம் போனது வீட்டுக்குத்தான். நான் ஒருத்திதான் அவரோட வாடிக்கை.”

யாரோ சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் நின்றது.

அத்தான் கூண்டுக்குப் பக்கத்துப் பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தார். இளைஞர், மரியாதையாகத்தான் கேட்டார். ஆஸ்பத்திரி டாக்டர் குறைக்கச் சொன்ன பிறகும் இரண்டாவது கிளினிக்குக்கு அனுப்பும் அளவுக்கு வலி இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்று ஒரு சொல் சொன்னால் போதும், யாரும் முதுகைத் திறந்து பார்க்க முடியாது. அக்கா இந்த ஒரு கேள்விக்குத்தான் யோசித்தாள்.

“இல்லைங்க” என்றாள். “அதுக்கு முன்னாடியே வலி குறைஞ்சிருச்சு. வலிக்குதுன்னு இவர்கிட்ட சொன்னது பொய். மாத்திரை இல்லாம எனக்கு இருக்க முடியலை.”

இது எனக்கே தெரியாது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. நான் அத்தானைப் பார்த்தேன். அவர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி ராத்திரியாக அவள் முதுகை நீவிவிட்டு, தூங்காமல் உட்கார்ந்திருந்த மனிதர். அந்த முகத்தை என்னால் அதிக நேரம் பார்க்க முடியவில்லை.

வக்கீலம்மாவுக்கு மட்டும் இது லாபம். இடைவேளையில் வராந்தாவில் அத்தானை நிறுத்தி, இனி கவலையில்லை என்றார். மனைவியே ஏமாற்றியிருக்கிறாள், நீங்கள் உண்மையான வலி என்று நம்பிப் போயிருக்கிறீர்கள், இதைவிட நல்ல நிலைமை கிடைக்காது, உரிமத்தையேகூடக் காப்பாற்றிவிடலாம் என்று விளக்கினார். எதிர்த்தரப்பு வக்கீல் நிச்சயம் ஒன்று கேட்பார்: வலி இல்லை என்று தெரிந்திருந்தால் போயிருப்பீர்களா? போயிருக்க மாட்டேன் என்ற பதில் போதும். அத்தான் தலையாட்டினார். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர் என்பதை வக்கீலம்மாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டும்.

கூண்டில் ஏறினார். கேட்டதற்கெல்லாம் சரியாகவே சொன்னார். கடைசியில் அந்தக் கேள்வி வந்தது. அத்தான் நீதிபதியைப் பார்க்கவில்லை, வக்கீலம்மாவைப் பார்க்கவில்லை. சுவரோரம் நாற்காலியில் பட்டையோடு உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மாட்டேன் என்று இவர் சொல்லியிருந்தால் சட்டத்துக்கு அது சரியான பதில். தெரிந்திருந்தால் உன்னை விட்டுவிட்டிருப்பேன் என்றுதான் அவளுக்கு அது கேட்டிருக்கும்.

“போயிருப்பேங்க” என்றார்.

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு, ஏன் என்று அவரே கேட்டார்.

“அவ கேட்டா எனக்கு இல்லைன்னு சொல்ல வராதுங்க. வலியோ, வேற எதுவோ. மத்தவங்ககிட்ட சொல்லிடுவேன்.” மற்றவர்களிடமும் அவர் இல்லை என்று சொல்லி நான் பார்த்ததில்லை, ஆனால் அதைச் சொல்ல அது இடமில்லை. வக்கீலம்மா பேனாவை மூடிப் பைக்குள் போட்டார்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்றுதான் சொல்ல வேண்டும். விற்பனைக் குற்றம் நிற்கவில்லை. மாத்திரை வீட்டைத் தவிர வேறு எங்கும் போகவில்லை என்று நீதிபதி ஒப்புக்கொண்டார். பொய் சொல்லி வாங்கியதற்கு அபராதம். தெரிந்தாலும் மறுபடி செய்வேன் என்று சொல்கிற ஆளிடம் பொதுமக்கள் ஏறுகிற இயந்திரத்தை உடனே திருப்பிக் கொடுக்க முடியாது என்று சொல்லி, உரிமத்தை ஒரு வருஷம் நிறுத்தி வைக்கச் சொன்னார். அக்காவை மருந்துப் பழக்கத்துக்கான சிகிச்சைக்கு அனுப்பச் சொன்னார். ஒரே ஒரு சொல்லில் ஒரு வருஷத்தைத் தொலைத்துவிட்டீர்களே என்று வக்கீலம்மா வராந்தாவில் கேட்டபோது, அத்தான் அவருக்கு நன்றி சொன்னார். கம்பெனியில் அவரை உதிரிபாகக் கிடங்கில் உட்கார வைத்தார்கள், பாதிச் சம்பளத்துக்கு.

வீட்டில் இரண்டு பேரும் சில நாள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. சண்டை இல்லை. ஒருவர் சொல்லி இன்னொருவர் கேட்டுவிட்ட பிறகு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் இருந்தார்கள். ஒரு நாள் நான் போனபோது அத்தான் அவள் முதுகை நீவிக்கொண்டிருந்தார். வலி இல்லை என்று தெரிந்த முதுகை.

சிகிச்சை டாக்டர் வாரத்துக்கு ஒரு முறை வீட்டுக்கே வருகிற பெண். இவ்வளவு நாளில் இவ்வளவு குறைக்க வேண்டும் என்று அட்டவணை போட்டு, வாரத்துக்கான மாத்திரையை ஓர் உறையில் எடுத்துக்கொண்டு வந்தார். இதை யார் வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். அத்தான் பழக்கத்தில் கையை நீட்டினார்.

“இவர்கிட்ட வேணாம் டாக்டர்” என்றாள் அக்கா. “நான் கேட்டா குடுத்துடுவார். கோர்ட்டிலேயே சொல்லிட்டார்.”

டாக்டர் சிரித்தார், நான் சிரித்தேன், அத்தானும் சிரித்தார். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “என் தங்கச்சிகிட்ட குடுங்க. அவளுக்கு ராங்கி ஜாஸ்தி” என்றாள்.

அன்றிலிருந்து மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு நான் நாலு மாடி ஏறினேன். அரை மாத்திரை கொடுத்துவிட்டு இறங்குவேன். முதல் வாரம் ஒழுங்காகப் போனது. இரண்டாவது வாரம் ஒரு நாள், கொடுத்த அரையை விழுங்கிவிட்டு இன்னும் ஓர் அரை கேட்டாள். இல்லை என்றேன். நல்ல வார்த்தையில் கேட்டாள், பிறகு அழுதாள், பிறகு திட்டினாள். சின்ன வயதிலிருந்து எனக்குச் செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிக் காட்டினாள். உடம்பெல்லாம் எறும்பு ஊறுகிறது என்று கையைப் பிறாண்டிக்கொண்டாள். நீ என் கூடப் பிறந்தவளே இல்லை என்றாள். உறை என் இடுப்பில் இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும்.

அத்தானுக்கு அன்று விடுமுறை. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். குழாய்ச் சத்தம் நின்றது. ஈரக் கையோடு வந்து அறை வாசலில் நின்று, அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தக் கண் கேட்டதை நான் எந்தப் பிறவியிலும் மறக்க மாட்டேன்.

“அத்தான், செருப்பைப் போட்டுக்கிட்டு வெளியில போங்க. நான் கூப்பிடறப்ப வாங்க.”

அவர் போனார். படியில் காலடிச் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து, கடைசியில் கேட்கவில்லை. அதுவரை அழுதுகொண்டிருந்த அக்கா கேட்டாள்.

“போயிட்டாரா?”

“போயிட்டார்.”

“சரி” என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அவர் இருந்தா கேட்டுக்கிட்டே இருப்பேன்.”

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் நடுக்கம் என் தோள்வரைக்கும் ஏறியது. அன்று நான் திரும்பிப் போய்க் கடையைத் திறக்கவில்லை.